பயிற்சி பெற்றதாக ஒரு கையெழுத்து

மூன்று மாதமாக இதை எழுதாமல் வைத்திருந்தேன். எழுத வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் அவரே போன் செய்து, "இனி எழுதிக்கோங்க ஐயா. பேரை மட்டும் மாத்திருங்க" என்று சொல்லிவிட்டார்.

மாற்றிவிட்டேன். முத்துமாரி என்று வைத்துக்கொள்வோம். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நண்பருக்குக் கண்புரை ஆபரேஷன். பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். திரும்பும்போது மம்சாபுரம் வழியாக ராஜபாளையம் வருகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பதினோரு மணி வெயில். பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள்.

மம்சாபுரத்தில் ஒரு கூட்டம் இறங்கியது, ஒரு கூட்டம் ஏறியது. ஊரைத் தாண்டும் நேரத்தில் பின்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சலித்துக்கொண்டார்.

"யாரு பை இது? காலை நீட்ட முடியல."

உரச்சாக்கைத் தைத்துச் செய்த பை. சீட்டுக்கு அடியில் கிடந்தது. வாய் சரியாக மூடவில்லை. உள்ளே ஒரு தகரப் பெட்டி தெரிந்தது. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

முத்துமாரி குனிந்து பார்த்தார். தொடவில்லை. நிமிர்ந்து, "இந்தப் பை யாருது?" என்று கேட்டார். பதில் இல்லை. நடுவில் வந்து கேட்டார். முன்னால் வந்தும் கேட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்ததே தவிர, என்னுடையது என்று ஒருவரும் சொல்லவில்லை.

டிரைவர் பக்கம் வந்து குனிந்தார். நான் பின்னாலேயே இருந்ததால் காதில் விழுந்தது.

"அண்ணே, ஓரங்கட்டணும். பின்னால ஒரு பை கிடக்கு. ஆளு இல்ல. ஒயரு தெரியுது."

"இங்கனயே நிப்பாட்டவா?"

"இங்க வேண்டாம்ணே. வீடு இருக்கு. அந்தத் தென்னந்தோப்பைத் தாண்டி நிப்பாட்டுங்க. வெட்டவெளியா இருக்கும்."

கவனித்தீர்களா? எனக்கு அப்போதே ஆச்சரியமாக இருந்தது. இப்படி ஒரு நேரத்தில் நானாக இருந்தால், எங்கே நிறுத்துவது என்றெல்லாமா யோசித்திருப்பேன்? நிறுத்து என்று கத்திக்கொண்டு முதலில் குதித்திருப்பேன்.

பஸ் நின்றது. இன்ஜின் அணைந்தது.

"எல்லாரும் அவங்கவங்க சாமானை எடுத்துக்கிட்டு முன்வாசல் வழியா இறங்குங்க. பின்வாசல் வேண்டாம். அவசரம் இல்ல. பெரியவுகளுக்கு வழி விடுங்க" என்றார். என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் யாரோ ஒருவர் அந்த மூன்றெழுத்துச் சொல்லை முணுமுணுத்துவிட்டார். குண்டு. அவ்வளவுதான், ஒரு அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார். முத்துமாரி அவர் தோளைப் பிடித்து, "ஒண்ணும் இல்லக்கா. பாத்து இறங்குங்க. படி ஒசரம்" என்று தானே இறக்கிவிட்டார்.

எல்லாரையும் ரோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்காரச் சொன்னார். அதன் பிறகுதான் தன் போனை எடுத்தார். அதுவும் பஸ்ஸைவிட்டு ரொம்ப தூரம் நடந்துபோய் நின்று பேசினார்.

இதற்குள் ஒருவர் திரும்பி பஸ்ஸை நோக்கி நடந்தார். நூற்பு மில் ஒன்றில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராம்.

"நான் பாக்கேன்மா. எனக்கு இதுதான் வேலை. ஒரு பார்வையில சொல்லிருவேன்."

முத்துமாரி ஓடிவந்து அவருக்குக் குறுக்கே நின்றார். "வேண்டாம் சார்."

"ஏம்மா, தெரிஞ்சவன் சொல்லுதேன்."

"தெரிஞ்சாலும் தொடக் கூடாது சார். போலீஸ் வரட்டும்."

"எம்புட்டு நேரம் இந்த வெயில்ல கிடக்கிறது?"

"செத்த நேரம் பொறுத்துக்கோங்க."

செத்த நேரம் இரண்டு மணி நேரம் ஆயிற்று. போலீஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் சோதனை செய்கிற ஆட்கள் மாவட்டத் தலைநகரிலிருந்து வரவேண்டும். ராஜபாளையத்தில் டாக்டரைப் பார்க்கப் போகிற ஒரு பெரியவரை மட்டும் அடுத்து வந்த பஸ்ஸைத் தூரத்திலேயே கை காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார் முத்துமாரி. மற்றவர்கள், சோதனை முடியும்வரை போகக் கூடாது என்று போலீஸ் சொன்னதால், வரப்பில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஆமாம், திட்டிக்கொண்டிருந்தோம் என்றுதான் எழுதுகிறேன். நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். மனசுக்குள் எனக்கும் பசி, எரிச்சல். "பொம்பளைய கண்டக்டரா போட்டா இப்படித்தான். எதுக்கெடுத்தாலும் பயம்" என்று ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். முத்துமாரி திரும்பவில்லை. விசிலைப் பிடித்தபடி பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் என்ன ஆயிற்று? நீங்கள் ஊகித்ததுதான். மம்சாபுரம் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு பெரியவர் மொபெட்டில் அலறியடித்துக்கொண்டு வந்தார். தோட்டத்து மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை ரிப்பேருக்குக் கொண்டுபோய்விட்டு, சரியாகாமல் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். இறங்கும் அவசரத்தில் பையை மறந்துவிட்டார். பைக்குள் ஸ்டார்ட்டரோடு என்னென்ன இருக்கிறது என்று போலீஸ் கேட்க, "அரைக் கிலோ சேவும் ஒரு துண்டும் இருக்குங்க" என்றார் பயந்துகொண்டே. சோதனை ஆட்கள் வந்து பார்த்தபோது ஸ்டார்ட்டர், சேவு, துண்டு மூன்றும் அப்படியே இருந்தன.

வரப்பு முழுக்கச் சிரிப்பு. "நான் அப்பமே சொன்னேன்" என்றார் சூப்பர்வைசர். போலீஸ் அதிகாரி மட்டும் முத்துமாரியிடம் போய், "சரியாச் செஞ்சீங்கம்மா" என்று சொன்னார். அவர் தலையை ஆட்டினார். பஸ் கிளம்பியது. ராஜபாளையம் வரும்வரை யாரும் அவரோடு பேசவில்லை.

இதுவரை சொன்னது, ஊரில் நாலு பேர் டீக்கடையில் சிரித்துப் பேசிய கதை. இதற்கு மேல் சொல்லப்போவது என் கதை.

நான் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று இதுவரை சொன்னதில்லை. ஆய்வு வேலை. பல துறைகளில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கடைசியாகக் கொடுத்தது இது: பொதுப் போக்குவரத்து ஊழியர்களுக்கு அரசு கொடுக்கச் சொன்ன பாதுகாப்புப் பயிற்சி ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். ரயிலுக்கு வேறு ஆட்கள். எங்கள் பங்குக்கு பஸ் பணிமனைகள்.

ஆளில்லாத பை கிடந்தால் தொடக் கூடாது, மூன்று தடவை கேட்க வேண்டும், வீடுகள் இல்லாத இடத்தில் நிறுத்த வேண்டும், பயணிகள் அவரவர் சாமானோடு இறங்க வேண்டும், பக்கத்தில் நின்று போன் பேசக் கூடாது... இதெல்லாம் அந்தப் பயிற்சிப் பாடத்தில் இருந்தவை. எனக்கு மனப்பாடம். முத்துமாரி ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய, பாடப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்புவதுபோல் இருந்தது. நம்முடைய ஆய்வு வீண் போகவில்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அந்தப் பெருமையோடுதான் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீக்கடையில் நின்ற அவரிடம் போனேன்.

"உங்களுக்கு நல்லாப் பயிற்சி குடுத்திருக்காங்கம்மா" என்றேன்.

டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு குடுத்தா?"

"பணிமனையில..."

அவர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "ஐயா, ஒருநா டூட்டி முடிச்சு உள்ள வாரேன். நோட்டை நீட்டுனாக. மூணு நாளைக்கு மூணு கையெழுத்து. நின்ன எடத்துல போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அம்புட்டுத்தான் பயிற்சி."

"அப்ப இதெல்லாம் எப்படித் தெரிஞ்சது?"

"வீட்டுக்குப் போனப் பொறவுதான் யோசிச்சேன். சந்தேகப்படும்படியான பொருளைக் கண்டா எப்படி நடந்துக்கணும்னு பயிற்சி எடுத்துக்கிட்டேன்னு மேல எழுதியிருந்துச்சு. கீழ நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது. நாளைக்கே பஸ்ல ஒண்ணு நடந்தா? அறுபது எழுபது சனம் இருக்கும்லா? ராத்திரி பூரா தூக்கம் இல்ல."

ஒரு வாய் டீ குடித்தார்.

"எங்க அண்ணன் ராணுவத்துல இருக்காக. வடக்க. மறுநா போன் போட்டுக் கேட்டேன். மொதல்ல சிரிச்சாக. பொறவு, எதுக்குக் கேக்கேன்னு சொன்னதும், ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கூப்பிட்டுச் சொன்னாக. எம் பிள்ளை நோட்டுல எழுதிக்கிட்டேன். மறந்துபோனா மறுபடி கேப்பேன்."

"இவ்வளவு சிரமப்பட்டு..."

"கையெழுத்து பொய்யாப் போட்டாச்சு ஐயா. போட்டதை அழிக்க முடியாது. தெரிஞ்சுக்கிட்டா அது உண்மையாயிரும்லா?"

எந்தப் பணிமனை, எந்த வருடம் என்று கேட்டேன். சொன்னார். என் டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பணிமனைக்கு நான் போயிருக்கிறேன். எதை என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. அன்றைக்கு ஒரே நாளில் நாலு இடம் பார்க்க வேண்டும். அது மூன்றாவது. மேலாளர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார்கள். பதிவேடு வந்தது. அட்டை போட்டு, தலைப்பு எழுதி, அழகாக இருந்தது. பக்கம் பக்கமாகக் கையெழுத்துகள். மூன்று நாள் பயிற்சி. மூன்று நாளும் அத்தனை பேரும் ஒரே பேனாவில், ஒரே மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அதை நான் கவனித்தேன். இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். கவனிக்காமல் விட்டிருந்தால் கண் பார்வைக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கலாம். பார்த்தேன். ஒரு நிமிடம் விரல் அந்தப் பக்கத்திலேயே நின்றது. பிறகு, சாப்பாடு ரெடி என்று ஒருவர் வந்து சொன்னார். படிவத்தில் "பயிற்சி நடந்ததா?" என்ற இடத்தில் டிக். "பதிவேடு உள்ளதா?" என்ற இடத்திலும் டிக். கீழே என் கையெழுத்து.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது வத்தலைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"நீங்க நோட்டைப் பாக்கப் போனியளா, ஆளைப் பாக்கப் போனியளா?"

"நோட்டைத்தான்."

"நோட்டா பஸ்ஸ ஓட்டுது?" என்றாள். வத்தலைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து முத்துமாரி பஸ் வருகிற நேரம் பார்த்து ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் முகம் வாடியிருந்தது. பஸ் இரண்டு மணி நேரம் நின்றதற்கும் அடுத்த நடை ரத்தானதற்கும் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருந்தார்கள். "ஸ்டார்ட்டருக்காக ஒரு நடையே போச்சேன்னு கேலி பண்ணுதாக" என்றார்.

நான் யார் என்று சொன்னேன். பதிவேட்டைப் பார்த்து டிக் போட்டவன் நான்தான் என்று சொன்னேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு வந்தது நீங்கதானா?" என்றார். "நான் அன்னைக்கு அங்கதான் இருந்தேன் ஐயா. பஸ்ஸு ஒர்க்ஷாப்ல நின்னுச்சு, வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தோம். ஆபிசர் வந்திருக்காக, வந்து கேப்பாகன்னு பேசிக்கிட்டாக. நான் பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன். யாரும் வரல. ஜீப் போயிருச்சு."

மேலாளர் அறையிலிருந்து அந்த பெஞ்சு எவ்வளவு தூரம் இருக்கும்? முப்பது அடி? நான் நடக்காத தூரம் அவ்வளவுதான்.

இதை எழுதப்போகிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார். "எழுதிராதீங்க ஐயா." அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். இறந்த பிறகு வாரிசு அடிப்படையில் கிடைத்த வேலை இது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். "நோட்டுல எங் கையெழுத்தும் இருக்கு. பொய்க் கையெழுத்துன்னு என்னையத்தான மொதல்ல கேப்பாக?"

நியாயமான பயம். பொய்யைக் கேட்டு வாங்கியவர்கள் ஒரு பக்கம், பொய்யைப் பார்த்துவிட்டு நகர்ந்தவன் ஒரு பக்கம். நடுவில் மாட்டுகிறவர் என்னவோ கையெழுத்துப் போட்டவர்தான்.

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தை வராது. என்னைப் பத்தி எழுதிக்கலாம் இல்லையா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

பத்திரிகைக்கு எழுதவில்லை. என் பழைய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். இன்ன வருடம், இன்ன பணிமனை பற்றி நான் கொடுத்த அறிக்கையில் பயிற்சி நடந்ததாகச் சொன்னது நான் சரிபார்க்காமல் சொன்னது. கையெழுத்துகளைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது, அதை அறிக்கையில் எழுதவில்லை. திரும்ப ஆய்வு செய்ய வேண்டுகிறேன். முடிந்தால் ஊழியர்களிடம் பேசி ஆய்வு செய்யவும்.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே அங்கே இன்னும் வேலையில் இருக்கிற பழைய சகா போன் செய்தார். "ஓய்வு பெத்தாச்சு. நிம்மதியா எழுதிக்கிட்டு இருக்கியே. எதுக்கு இந்த வேலை? பென்ஷன் விஷயத்தைக் கிளறி விட்டுருவாங்கப்பா. கடிதம் இன்னும் பதிவாகல. வேணும்னா..."

சரி, திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பயம் உண்டு. பிறகு, "பதிவு பண்ணிருங்க" என்றேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கடிதம் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு நிம்மதி வேறு.

நாலாவது வாரம் முத்துமாரி போன் செய்தார். நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

ஒரு இளம் பெண் அதிகாரி வந்திருக்கிறார். மேலாளர் அறைக்குப் போகவே இல்லை. நேராக டிரைவர், கண்டக்டர்கள் ஓய்வெடுக்கிற இடத்துக்குப் போய், காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "பஸ்ல ஒரு பை கிடக்கு. ஆள் இல்ல. நீங்க என்ன செய்வீங்க?" இந்த ஒரே கேள்விதான்.

"தொறந்து பாத்து யாருதுன்னு கண்டுபிடிப்பேன்" என்றார் ஒரு டிரைவர்.

"டைம் கீப்பர்ட்ட ஒப்படைச்சிருவேன்."

"ரோட்டோரமா வச்சிட்டுப் போயிருவேன் மேடம். நமக்கு எதுக்கு வம்பு?"

எல்லாரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் ஏமாற்ற நினைக்கவில்லை. யாரும் சொல்லித் தராததை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

முத்துமாரி முறை வந்தது. அவர் வரிசையாகச் சொல்லிவிட்டார். எங்கே நிறுத்துவது, எந்த வாசல், எவ்வளவு தூரம், யாருக்குப் போன். அந்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாராம்.

"நல்லாச் சொல்றீங்களே. எங்க கத்துக்கிட்டீங்க?"

மேலாளர் அதற்குள் ஓடிவந்து பின்னால் நின்றிருக்கிறார். "நம்ம பயிற்சிதான் மேடம்" என்று அவர் சொன்னாராம்.

"அவங்க சொல்லட்டும்" என்றார் அதிகாரி.

முத்துமாரி என்னிடம் சொன்னது: "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் ஐயா. மெமோ போயிரும், மேலாளர் முகத்துல சிரிப்பு வந்துரும், எல்லாரும் தப்பிச்சிருவாக. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அப்பம் பக்கத்துல இருந்த டிரைவர் அண்ணனைப் பாத்தேன். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு அவுக பஸ்லயும்தான் சனம் ஏறும்."

"என்ன சொன்னீங்க?"

"எங்க அண்ணன்ட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னேன். பயிற்சி நடக்கலன்னு சொன்னேன். அந்தக் கையெழுத்து நான் போட்டதுதான், என்ன செய்யணுமோ செஞ்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

எழுத வேண்டாம் என்று என்னைக் கெஞ்சியவர், நான் தயங்கித் தயங்கி ஒரு பக்கக் கடிதத்தில் சொன்னதை, எல்லார் முன்னாலும் நின்று நாலு வரியில் சொல்லிவிட்டார். அவர் சொன்ன பிறகு ஒவ்வொருவராக எழுந்து, எனக்கும் நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸை ஓட்டிய டிரைவர்தான் முதலில் எழுந்தவராம்.

கதை இதோடு சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட அத்தனை பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முத்துமாரிக்கும் வந்தது. "உன்னாலதான்" என்று பத்துப் பதினைந்து நாள் சிலர் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் தனியே உட்கார்ந்து திறந்திருக்கிறார். மேலாளர் மீது விசாரணை நடக்கிறது. அதன் முடிவு எனக்குத் தெரியாது. பஸ்ஸை நிறுத்தியதற்கான மெமோவை மட்டும் ரத்து செய்து, அன்றைக்கு அவர் செய்தது சரி என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் பயிற்சி நடந்தது. உண்மையான பயிற்சி. ஆட்களைப் பிரித்துப் பிரித்து, டூட்டியிலிருந்து விடுவித்து, ஒரு காலி பஸ்ஸை நிறுத்தி, உள்ளே எங்கோ ஒரு பையை வைத்துவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். திறந்து பார்ப்பேன் என்று சொன்ன டிரைவர் முதல் தடவை நிஜமாகவே திறந்துவிட்டாராம். பயிற்சி கொடுத்த போலீஸ்காரர், "அண்ணாச்சி, நீங்க இப்ப இல்ல" என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை அவர் தொடவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவர்தான் முத்துமாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாராம்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு கேள்வி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. மேற்பார்வை என்று நாம் எதைச் சொல்கிறோம்? அரசாங்கம் ஒரு நல்ல உத்தரவு போடுகிறது. அது நடந்ததா என்று பார்க்க ஒருவரை அனுப்புகிறது. அவர் பார்த்தாரா என்று பார்க்க இன்னொருவர். ஒவ்வொருவரும் தனக்குக் கீழே உள்ள தாளைப் பார்க்கிறார். கடைசித் தாளுக்குக் கீழே ஒரு கண்டக்டர், எழுபது பயணிகளோடு தனியாக நிற்கிறார். இது பஸ்ஸுக்கு மட்டுமா? ரயிலுக்கும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான். தாள் எல்லாம் சரியாக இருக்கும். நம் அதிர்ஷ்டம், அநேக நாட்களில் பையில் சேவுதான் இருக்கிறது.

எனக்கும் கடிதம் வந்தது. தவறான அறிக்கைக்கு விளக்கம் தரவேண்டும் என்று. போன வாரம் விருதுநகர் போய்வந்தேன். என் பையனைவிட இளையவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார். ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்தார். நான் சொன்னதையெல்லாம் டைப் செய்து இரண்டு தாளாகக் கொண்டுவந்து நீட்டினார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

படித்தேன். எல்லாம் நான் சொன்னபடிதான் இருந்தது. இரண்டாவது தாளில் மட்டும் நான் சொல்லாத ஒரு வரி. "அன்றைய தினம் எனக்கு உடல்நிலை சரியில்லாததால்..." என்று தொடங்கியது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வயதானவர், தானாகவே வந்து ஒப்புக்கொள்கிறார், ஒரு வழி வைத்துக்கொடுப்போம் என்று அவருக்கு இரக்கம். நல்ல பிள்ளை.

"தம்பி, பேனா குடுங்க" என்றேன். அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். பிறகுதான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது.